பாயாத புல்லட்டுகள்

ஆங்கில அகராதியில் புல்லட் என்ற சொல்லுக்கு முதல் பொருள், துப்பாக்கிக் குழலிலிருந்து சீறிப் பாயும் சிறிய உலோகத் துண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்தச் சொல்லைச் சொன்னால் துப்பாக்கி யாருக்கும் நினைவுக்கு வராது. தட தடவென்று போகும் மோட்டார் சைக்கிள்தான் வரும். இன்னும் வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டால் அதே சொல் சமையல் எரிவாயு ஏற்றிய உருளை வடிவ லாரியையும் குறிக்கும். எரிவாயு நிலையத்துக்குள் வேலை செய்பவருக்கு அது மண்மேட்டுக்குள் புதைந்திருக்கும் ராட்சதத் தொட்டி. ரிச்சி தெருவில் கண்காணிப்புக் கேமரா வாங்கப் போனவருக்கு அது ஒரு கேமரா வகை. வங்கியில் நகையை அடகு வைத்தவருக்கு அது கடனைத் திருப்பிக் கட்டும் முறை.

துப்பாக்கியிலிருந்து பாய்வதற்கு மட்டும் தமிழர்கள் இந்த ஆங்கிலச் சொல்லை அதிகம் நாடவில்லை. அந்த இடம் காலியாக இல்லாததுதான் காரணம். குண்டு என்ற சொல் உருண்டையான எதற்கும் பழைய காலத்திலிருந்தே இருந்தது. பீரங்கியும் துப்பாக்கியும் வந்தபோது அவற்றிலிருந்து பாய்ந்ததும் உருண்டையாக இருந்ததால் அதுவும் குண்டாயிற்று. தோட்டா உருது வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. ரவை என்ற சொல்லும் உண்டு. இலங்கைத் தமிழில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, கூடவே சன்னம் என்ற சொல்லும். காவல் துறையினர் எண்ணிச் சொல்லும்போது ‘மூன்று ரவுண்டு சுட்டோம்’ என்பார்கள். இத்தனை பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த திண்ணையில் புல்லட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் அது வேறு பொருள்களுக்குப் பெயராகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பொருள்களில் பல பிறந்ததும் வந்திறங்கியதும் ராயபுரத்துக்கு வடக்கே உள்ள இந்தத் தொழிற்பகுதியில்தான்.

முதல் பொருளிலிருந்தே தொடங்கலாம். குண்டும் தோட்டாவும் ஒன்றல்ல. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் சுத்தியல் முனை தட்டினால் தீப்பொறி எழுப்பும் மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தால் வெடிமருந்து எரிந்து வாயுவாகப் பெருகி குண்டை மட்டும் வெளியே தள்ளும். கூடு அங்கேயே விழும். ஆங்கிலத்தில் புல்லட் என்பது இந்தக் குண்டு மட்டும்தான். கல்குவாரியில் பாறைத் துளைக்குள் வைத்து வெடிக்கும் குச்சியையும் தமிழில் தோட்டா என்றே சொல்கிறார்கள். அதிலிருந்து எதுவும் குறிபார்த்துப் பாய்வதில்லை. பொட்டலம் என்ற அளவில் அந்தப் பெயர் சரியே.

வேகத்தைப் பொறுத்தவரை கைத்துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் வரை போகும். ஒலி போவது சுமார் 340 மீட்டர். ராணுவ ரைபிளின் குண்டு 800 மீட்டரைத் தாண்டும். சுட்ட சத்தம் வந்து சேர்வதற்குள் குண்டு வந்துவிடும் என்று சொல்வது இதனால்தான். ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல வெட்டப்பட்ட கோடுகள் குண்டைச் சுழலவிடுகின்றன. சுழலும் குண்டு தடுமாறாமல் நேராகப் போகும். அந்தக் கோடுகள் குண்டின் உடலில் விட்டுச் செல்லும் கீறல்களை வைத்துத்தான் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று தடய அறிவியல் ஆய்வகம் கண்டுபிடிக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தபோது, தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கும் எல்லோரும் கொஞ்ச காலம் குண்டு நிபுணர்களாகவே ஆகிப்போனார்கள். குரல் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கழுத்தில் கட்டுப்போட்ட படம் சுவரொட்டியாகித் தேர்தலில் வேலை செய்தது.

தமிழ்க் குண்டு ஆங்கிலப் புல்லட்டைவிடப் பரந்த சொல். பீரங்கி வீசுவதும் விமானம் போடுவதும் கையால் எறிவதும் அதற்குள் அடக்கம். வடசென்னைக்குக் கிடைத்த பெரிய குண்டடியும் புல்லட் வகையல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடி வாங்கியது, சிலர் இறந்தார்கள். மறுநாள் முதல் நகரத்தை விட்டுக் கிளம்பிய கூட்டம் பெரியது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்த இரவுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கி அழிந்தது. ஆனால் அடாவடியான கில்லாடியை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. குண்டு வெடித்து மறைந்தது. வீசியவன் பெயர் சொல்லாகத் தங்கியது.

பழைய குண்டு உண்மையிலேயே உருண்டைதான். ஆங்கிலப் புல்லட்டுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கும் சிறு உருண்டை என்பதே பொருள். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த அந்தக் கோலிகள் குழலுக்குள் ஆடியபடி போய், எங்கே விழும் என்று சொல்ல முடியாதபடி பறந்தன. 1840களில் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, முனை கூம்பாகவும் அடி குழிவாகவும் உள்ள குண்டை உருவாக்கினார். சுடும்போது குழிந்த அடிப்பக்கம் விரிந்து குழலின் திருகுக் கோடுகளைக் கவ்விக்கொண்டது. நீள் உருளை உடல், வளைந்த முனை: இன்று புல்லட் என்றதும் கண்ணில் தெரியும் வடிவம் இங்கிருந்து வருகிறது. ரயிலுக்கும் கேமராவுக்கும் எரிவாயுத் தொட்டிக்கும் இந்தப் பெயர் போனதற்கு இந்த வடிவமே காரணம். குண்டு கோலியாகவே இருந்திருந்தால் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

அந்தப் புதிய குண்டை ஏற்று பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்தது 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையால் வந்த பெயர். இதற்கான தோட்டா காகிதப் பொட்டலம். எளிதில் வழுக்கி இறங்கக் கொழுப்புத் தடவியிருந்தது. பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் கிளம்பி, மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சியாக வெடித்தது. பள்ளிப் பாடத்தில் இதைக் குண்டைக் கடித்த கதையாக நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. கடித்தது காகிதத்தை. அதே டம்டம் ஆயுதச் சாலை 1890களில் இன்னொரு தடவை உலகச் செய்தியில் அடிபட்டது: உடலில் பட்டதும் மலர்ந்து பெரிய காயம் உண்டாக்கும் குண்டு அங்கே செய்யப்பட்டது. அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899 ஹேக் மாநாட்டுப் பிரகடனம் தடுத்தது.

என்ஃபீல்டு என்ற அந்தப் பெயர்தான் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. சுற்றி வளைத்து வந்தது. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த டவுன்சென்ட் நிறுவனம் சைக்கிள் தொழிலுக்கு மாறி நொடித்துப்போக, 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான உதிரி பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிப் படம் சின்னமாயிற்று; ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பது விளம்பர வாசகமாயிற்று. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932இல் வேகத்தை விரும்பும் இளைஞர்களுக்காக ஒரு புது மாதிரியை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் புல்லட். துப்பாக்கிப் பரம்பரையில் பிறந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. அன்றைய கணக்கில் அது வேகமான வண்டியும்கூட.

சுதந்திர இந்தியாவின் எல்லையைச் சுற்றிவர ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த 350 சிசி புல்லட் 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வந்திருந்தது. கரடுமுரடான பாதையைத் தாங்கியது, பழுது பார்ப்பதும் எளிது. சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். வண்டியை இறக்குமதி செய்துகொண்டே இருப்பதை அன்றைய அரசின் கொள்கை விரும்பவில்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூரில் ஆலை வேலை தொடங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் எந்திரங்களும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன.

வண்டி வந்து சேர்ந்த இடமும் பொருத்தமானது. மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை திருவொற்றியூரில்தான் இருந்தது. அதுவே எம்ஆர்எஃப் டயராக வளர்ந்தது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரில் இன்று ஒரு மெட்ரோ நிலையமே இருக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது. தியாகராஜர் கோயிலையும் பட்டினத்தார் அடங்கிய கடற்கரையையும் வைத்துப் பாடப்பட்ட ஊர், அரை நூற்றாண்டுக்குள் ஷிஃப்ட் சங்கு ஊதும் ஊராகியிருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். தாய் நிறுவனம் 1967இல் ரெடிச் ஆலையை மூடியது. 1970களின் தொடக்கத்துக்குள் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிந்துபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அந்த 1950களின் வண்டி அப்படியே வந்துகொண்டிருந்தது. 1977இல் அதை பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். உலகிலேயே மிக நீண்ட காலம் விடாமல் தயாரிக்கப்படும் மோட்டார் சைக்கிள் என்று புல்லட்டைச் சொல்வதுண்டு. அதில் பெருமை எவ்வளவோ, போட்டியில்லாத சந்தையின் சோம்பலும் அவ்வளவு. லைசென்ஸ் காலத்தில் புது வண்டி வடிவமைக்க யாருக்கும் அவசரம் இல்லை. ராணுவமும் காவல் துறையும் வாங்கிக்கொண்டே இருந்தன.

வண்டியின் உள்ளமைப்பைப் பார்த்தால் அந்தச் சத்தத்துக்குக் காரணம் புரியும். ஒரே சிலிண்டர், உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 346 சிசி. நீண்ட ஏற்ற இறக்கமும் கனத்த சுழற்சக்கரமும் இருப்பதால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் அணையாது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நின்றபடி ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். சின்ன எஞ்சின்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டி இரைச்சலாகிவிடும்.

பழைய புல்லட்டைக் கிளப்புவது தனிக் கலை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு அருகே இருக்கிறது என்று பொருள். அப்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சி தாண்டி இம்மியளவு தள்ளி, லீவரை விட்டுவிட்டு முழு எடையோடு ஓர் உதை. சரியாகச் செய்தால் ஒரே உதையில் கிளம்பும். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் அந்த அடி வாங்காத பழைய புல்லட்காரர் அபூர்வம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். முதல் கியரைத் தவிர வேறு எந்த கியரில் இருந்தாலும் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி லீவரும் உண்டு. எண்ணெய்க் கசிவும் நிரந்தர உடைமை. புல்லட் நிற்கும் இடத்தைத் தரையே சொல்லும்.

இவ்வளவு கனமும் சடங்கும் உள்ள வண்டியின் சக்தி 18 குதிரைத்திறன். 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, எஞ்சின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல், சிக்னலில் இதை எளிதாக முந்தியது. ஆனாலும் புல்லட் என்ற பெயருக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்குள் அந்தச் சொல் வேகத்தை விட்டுவிட்டுக் கம்பீரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. காவல் ஆய்வாளர், ஊர்ப் பண்ணையார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் சினிமாவின் வில்லன், பிறகு கதாநாயகன்: அவசரமில்லாதவர்களின் வண்டி அது. 1993இல் டாரஸ் என்ற டீசல் மாதிரி வந்தபோது விவசாயிகளும் வியாபாரிகளும் வாங்கினார்கள். புகையும் அதிர்வும் அதிகம், செலவு குறைவு, வேகம் இன்னும் குறைவு. அதையும் மக்கள் டீசல் புல்லட் என்றே அழைத்தார்கள். ராஜஸ்தானில் பாலி அருகே விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் புல்லட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வழிபடுகிறார்கள். புல்லட் பாபா கோயில் என்றே அதற்குப் பெயர்.

1994இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை முழுமையாக எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் இந்தத் தொழிலை மூடிவிடலாமா என்ற பேச்சு நிர்வாகத்தில் எழுந்தது. ஐஷர் குடும்பத்து இளைஞரான சித்தார்த் லால் கேட்டு வாங்கிய அவகாசத்தில் அது பிழைத்தது. 2000களின் பிற்பகுதியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன, கியர் லீவர் இடது பக்கம் மாறியது, பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பியது. பழைய ரசிகர்கள் அதை மன்னிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. 2013இல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் எழுந்து, உற்பத்தியின் பெரும்பகுதி நகரத்தின் தென்மேற்கே போய்விட்டது. பெட்ரோல் டேங்கில் தூரிகையால் கைநடுக்கமின்றித் தங்கநிறக் கோடு இழுக்கும் வேலைக்கு மட்டும் திருவொற்றியூரின் பெயர் இன்னும் சொல்லப்படுகிறது. 2023 செப்டம்பரில் வந்த புதிய புல்லட் 350இல் எஞ்சின் 349 சிசி. சக்தி 20 குதிரைத்திறனைச் சற்றே தாண்டுகிறது. தொண்ணூறு ஆண்டுகளில் வேகத்துக்காக யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. கிளாசிக், தண்டர்பேர்டு என்று எத்தனை பெயர் வந்தாலும் அந்தக் குடும்பத்து வண்டி எல்லாமே தமிழ்நாட்டில் புல்லட்தான்.

அடுத்த புல்லட் வேகமாகப் போகவே கூடாதது. சமையல் எரிவாயு எனப்படும் எல்பிஜி, புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. சாதாரண வெப்பநிலையில் அது வாயு, அழுத்தினால் திரவம். திரவமாக இருக்கும்போது பிடிக்கும் இடத்தைப்போல ஏறத்தாழ 250 மடங்கு இடம் வாயுவானதும் அதற்குத் தேவைப்படும். இப்படி அழுத்தி அடைத்த திரவத்துக்குச் சதுரத் தொட்டி உதவாது. மூலைகளில் இரும்பு கிழிந்துவிடும். கோளம்தான் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கும். சுத்திகரிப்பு ஆலைகளில் கால் முளைத்த பெரிய உருண்டைகள் நிற்பது இதனால்தான். கோளத்தை லாரியில் ஏற்ற முடியாது. ஆகவே நீள் உருளை, இரு முனையிலும் வளைந்த மூடி. இந்த வடிவத்துக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் புல்லட்.

எண்ணூர்ப் பகுதியில் இந்தச் சொல் அதிகம் புழங்கக் காரணம் தெளிவானது. மணலியில் 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, இன்றைய சிபிசிஎல், கச்சா எண்ணெயிலிருந்து எரிவாயுவையும் பிரிக்கிறது. 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம், கப்பலில் வரும் எரிவாயுவை இறக்குகிறது. கடல்வழி வரும் புரோப்பேன் கடுங்குளிரில் வைக்கப்பட்டிருக்கும்; சூழல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து அழுத்தத்தில் அடைத்துத்தான் லாரிக்குள் ஏற்றுவார்கள். அங்கிருந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்குப் பயணம். 18 டன் ஏற்றிய ஒரு புல்லட் லாரியிலிருந்து 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு மேல் நிரப்பலாம். லாரிகளில் பல நாமக்கல்லைச் சேர்ந்தவை. தென்மண்டல டேங்கர் லாரி உரிமையாளர் சங்கமும் அங்கேதான். எண்ணெய் நிறுவனங்களின் டெண்டர் விதியில் தகராறு வந்து ‘புல்லட் டேங்கர் லாரிகள் வேலைநிறுத்தம்’ என்று நாளிதழில் செய்தி வந்தால், தமிழ்நாட்டுச் சமையலறைகள் காது கொடுத்துக் கேட்கும்.

புல்லட் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதில்லை. வெயிலில் திரவம் விரியும். அதற்காக மேலே ஏறத்தாழ 15 சதவீத இடம் விடப்படும். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு உண்டு. தொட்டி செய்வதற்கும் ஓட்டுவதற்கும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். லாரியின் பின்னால் 1075 என்ற எண் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எல்பிஜி என்று உலகில் எங்கும் தீயணைப்பு வீரருக்குப் புரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும், எங்கோ தொலைவில் எரியும் அடுப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். அதற்கு இயல்பாக மணமே இல்லை. மூக்கைச் சுளிக்க வைக்கும் வாசனை, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது.

பெரிய ஆபத்து வேறு. தொட்டிக்கு வெளியே தீ எரிந்தால் உள்ளே திரவம் கொதிக்கும், மேற்பகுதி இரும்பு சூட்டில் வலுவிழக்கும், ஒரு கணத்தில் தொட்டி பிளந்து முழுத் திரவமும் நெருப்புப் பந்தாகும். 1984 நவம்பர் 19 அன்று மெக்சிகோ நகரின் புறத்தே எரிவாயு நிலையம் ஒன்றில் கோளங்களும் புல்லட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி வெடித்து ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். வெடித்த உருளைத் தொட்டிகளில் சில உண்மையான புல்லட்போலவே நூற்றுக்கணக்கான மீட்டர் பறந்துபோய் விழுந்தன. இப்போது நிலையங்களில் புல்லட் தொட்டிகளைத் தரைமேல் வெறுமனே நிறுத்தாமல், மண்ணால் மூடி மேடாக்கிவிடுவதற்கு இத்தகைய விபத்துகள் கற்பித்த பாடம் காரணம். புல் முளைத்த மேடாகத் தெரிவதற்குள் நூற்றுக்கணக்கான டன் எரிவாயு படுத்திருக்கும்.

சாலையில் ஓடும் லாரிக்கு மண் போர்வை கிடையாது. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் புல்லட் லாரி கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த லாரியின் புல்லட் கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது, தண்ணீரைப் பீய்ச்சியபடி கசிவை அடைத்தார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், உயிர்ச்சேதமின்றி முடிந்தது. முன்னே இப்படி ஒரு லாரி போனால் ஒலி எழுப்பி விரட்டாமல் இடைவெளி விட்டுப் போவதே நல்லது.

பெயருக்கேற்ற வேகம் உள்ளது ஒன்றே ஒன்று: புல்லட் ரயில். ஜப்பானியர்கள் 1930களிலேயே அதிவேக ரயில் திட்டத்தைத் துப்பாக்கிக் குண்டு ரயில் என்ற பொருளில் குறிப்பிட்டார்கள். போர் குறுக்கிட, 1964 அக்டோபர் 1 அன்றுதான் டோக்கியோ–ஒசாகா ஷிங்கன்சென் மணிக்கு 210 கிலோமீட்டரில் ஓடியது. அதன் உருண்ட மூக்கைப் பார்த்தவர்களுக்குப் பெயரை விளக்கத் தேவையிருக்கவில்லை. இந்தியாவில் 508 கிலோமீட்டர் மும்பை–அகமதாபாத் பாதைக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரத்துக்கு இதில் பங்கில்லை. ஆனால் சில கிலோமீட்டர் மேற்கே பெரம்பூரில் 1955 முதல் பெட்டி கட்டிவரும் ஐசிஎஃப், மணிக்கு 280 கிலோமீட்டர் போகக்கூடிய இரண்டு ரயில்களைச் செய்து தர பெங்களூரின் பெமல் நிறுவனத்துக்கு 2024 அக்டோபரில் ஆர்டர் கொடுத்தது. ஐசிஎஃப் தானே கட்டும் வந்தே பாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 160. அதை யாரும் புல்லட் என்று சொல்லிக்கொள்வதில்லை.

மீதியுள்ளவை சிறியவை. கேமராக் கடையில் புல்லட் என்றால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உருளை, டோம் என்றால் கூரையில் ஒட்டிய அரைக்கோளம். முன்னது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருடனுக்கும் தெரியும், அதை ஒரு நன்மையாகவே விற்பனையாளர் சொல்வார். கணினியில் வரிகளுக்கு முன்னால் வைக்கும் கறுப்புப் பொட்டுக்கும் இதே பெயர். புல்லட் புரூப் என்பதற்கு மட்டும் தமிழில் குண்டு துளைக்காத என்ற சொற்றொடர் நிலைத்துவிட்டது. 1965இல் டுபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவாலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழைதான் அந்த மேலங்கியை அணியக்கூடிய எடைக்குக் கொண்டுவந்தது.

கடைசியாக வங்கி. நகைக்கடன் படிவத்தில் புல்லட் என்ற சொல் இருந்தால் மாதத் தவணை கிடையாது. அசலும் வட்டியும் தவணை முடியும் நாளில் ஒரே அடியாகக் கட்ட வேண்டும். அறுவடைக்குப் பின் பணம் பார்க்கும் விவசாயிக்கும் சீசனுக்குச் சீசன் வருமானம் வரும் மீனவருக்கும் இது வசதி. மாதச் சம்பளக்காரருக்கு ஆபத்து; கட்டாமல் இருந்த மாதங்களில் வட்டி சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். வீட்டுச் செலவுக்காக இந்த முறையில் வாங்கும் நகைக்கடனுக்கு 12 மாதத்துக்கு மேல் தவணை கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரையிலான வட்டியைக் கட்டியாக வேண்டும்; அது எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.